எட்டில் தொடங்கும் எண்கள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் காளிதாஸ் சொல்லிவிடுவான், அதுவும் கூட்டிக் குறைத்து.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், கெலாங் பாத்தாவில் இருக்கிற எங்கள் தொழிற்சாலையில் மருத்துவமனைகளுக்கான பிளாஸ்டிக் பொருள்கள் செய்கிறோம். காளிதாஸ் வால்வுப் பிரிவின் சூப்பர்வைசர். நோயாளியின் கையில் ஏறுகிற குளுக்கோஸ் குழாயில் திருகுவார்களே, அந்தச் சின்ன வால்வு. நான் இன்பராணி. நெட்வொர்க் வேலை. பதினான்கு வருஷமாக இந்தக் கட்டடத்துக்குள் வருவதும் போவதுமான ஒவ்வொரு இணைப்பும் என் கையைத் தாண்டித்தான் போகிறது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் லெட்சுமணன் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடாத மனிதர். அவர் சத்தம் போடாததாலேயே எனக்கு அவரிடம் பயம்.

"இன்பா, வியாழக்கிழமை நாலு மணிக்கு ஜெர்மன் கம்பெனிக்காரங்க நம்ம புது வால்வ டெஸ்ட் பண்றத நேரா பாக்கணுமாம். வீடியோவுல. லிங்க் அனுப்பறோம்னு சொன்னா வேணாங்கறாங்க. பாதுகாப்பாம். அவங்க மீட்டிங் ரூமுக்கு நாமதான் டயல் பண்ணி உள்ள போகணும்."

அவர் நீட்டிய தாளில் ஆறு இலக்க எண் ஒன்று, 850417. அதற்குப் பின்னால் மின்னஞ்சல் முகவரியில் வருவது போல அந்தக் கம்பெனியின் பெயர்.

"செய்யலாம், பாஸ்" என்றேன்.

"செஞ்சுருங்க. நாலு மணிக்குள்ள லைன் கெடைக்கலன்னா கேஎல்லேர்ந்து ஒரு கான்ட்ராக்டர் வருவாரு. அங்க ஹெட் ஆபீஸ்ல ஏற்கெனவே பேசிட்டாங்க. பாஸ்வேர்டு எல்லாத்தையும் அவருகிட்ட ஒப்படைச்சிருங்க."

அப்புறம் நான் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். பிரிண்டருக்கு டோனர் மாற்றுவேன். "அக்கா, என் மவுஸ் நகர மாட்டேங்குது" என்பவர்களின் மேசைக்கடியில் குனிந்து ஒயரைச் செருகுவேன். என் கட்டடத்தின் சாவியை எவனோ ஒருவன் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிவான்.

எங்கள் மீட்டிங் ரூமில் சுவரளவு திரையும் கேமராவுமாக ஒரு வீடியோ கருவி இருக்கிறது. எல்லாரும் லேப்டாப்புக்கு மாறிவிட்ட பிறகு அது பிறந்தநாள் கேக் வெட்டும்போது பின்னணியாக நிற்பதோடு சரி. அதிலிருந்து வெளியே பேச இரண்டு விஷயங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒன்று வழிப்பட்டியல். நாம் அழுத்துகிற எண்ணைப் பார்த்து, இது எந்தப் பக்கம் போக வேண்டியது என்று முடிவு செய்கிற பட்டியல் அது. மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதன்படி அழைப்பை அனுப்பிவிட்டு, மீதியைப் படிக்காது.

இன்னொன்று ஃபயர்வால். எங்கள் கேட்டில் காவலுக்கு நிற்கிற ஜாகா மாதிரிதான் அதுவும். உள்ளே இருப்பவர்கள் வெளியே போகலாம். வெளியே இருந்து வருகிறவர்களை முகம் தெரியாவிட்டால் விடாது. வீடியோ அழைப்பில் 'பேசலாமா' என்கிற கேள்வி ஒரு வாசல் வழியாகப் போகும். படமும் குரலும் வேறு வாசல்கள் வழியாகத் திரும்பி வரும். இவையெல்லாம் நம் ஆட்கள்தான் என்று ஜாகாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், மணி அடிக்கும், எடுப்பார்கள், ஆனால் இரண்டு பக்கமும் ஊமையாக இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சந்தேகம் எனக்கு முழுக்க ஜாகா மேல்தான். செவ்வாய் மத்தியானத்துக்குள் தேவையான வாசல்களையெல்லாம் திறந்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு முறை உண்டு. மருத்துவப் பொருள் செய்கிற இடம் என்பதால் எந்த மாற்றத்தையும் ஒருவர் தனியாகச் செய்யக்கூடாது. ஒருவர் தட்டச்சு செய்ய வேண்டும், இன்னொருவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும், பிறகுதான் சேமிக்கலாம். இரண்டு பேரின் பெயரும் கீழே பதிவாகும். இந்த முறை வாசிக்க வந்தவன் காளிதாஸ். அவனுடைய வால்வுதானே திரையில் ஏறப் போகிறது.

அவன் ஒவ்வொரு வரியையும் கோயில் மைக்கில் அறிவிப்பு செய்வது போல வாசித்தான். "சேமிக்கலாம்" என்று கடைசியில் கையைத் தூக்கி ஆசீர்வாதமும் செய்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுப் பார்க்கக்கூடிய சோதனை அறை ஒன்று இணையத்தில் இருக்கிறது. எண் இல்லாத வெறும் பெயர்தான் அதன் முகவரி. அதை டயல் செய்தேன். உடனே கிடைத்தது. என் முகமே ஒரு விநாடி தாமதமாகத் திரும்பி வந்து என்னை முறைத்தது.

"ஒர்க் ஆவுது!" என்றான் காளிதாஸ். "ஆனா எதுக்குக்கா இவ்ளோ கோவம், அதுவும் உங்க மேலயே?"

அப்புறம் ஜெர்மன்காரர்களின் எண்ணை அழுத்தினேன். மணி போனது. ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் எடுக்கவில்லை. எனக்கு மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்காரப் பொறுமை கிடையாது. நாலாவது மணிக்குத் துண்டித்தேன். மறுபடி அழுத்தினேன், மறுபடி துண்டித்தேன். அந்தப் பக்கத்து டெக்னீஷியன் யோனாஸ் என்று ஒருவர். அவருக்கு எழுதிக் கேட்டேன். "உங்களிடமிருந்து எந்த அழைப்பும் எங்களுக்கு வரவில்லை" என்று மரியாதையாகப் பதில் போட்டார்.

வரவில்லையாம்! இங்கே மணி அடிக்கிறது, அங்கே வரவில்லையாம்!

ஃபயர்வாலின் பதிவேட்டைத் திறந்தேன். சோதனை அறைக்குப் போன அழைப்பு அதில் பதிவாகியிருந்தது. ஜெர்மன்காரர்களுக்குப் போன அழைப்பு ஒன்றுகூட இல்லை. புத்தி உள்ளவள் அந்த இடத்தில் நிறுத்தி யோசித்திருப்பாள். நான் பதிவேடு பழுதாகிவிட்டது என்று முடிவு செய்தேன். பதினான்கு வருஷ அனுபவம் அப்படிச் சொன்னது.

அன்று மத்தியானம் என் கைப்பேசியில் என் கணவரின் குரல்செய்தி ஒன்று வந்தது. சாயங்காலம் இன்னொன்று. நான் திறக்கவில்லை.

என் கணவர் செபஸ்தியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனிக்கே அந்தப் பக்கம், சிங்கப்பூரில் துவாஸில் ஒரு கிடங்கு உண்டு. அங்கே ஸ்டோர்கீப்பர். விடியற்காலை நாலரைக்கெல்லாம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டுகிற இரண்டாவது பாலத்துக்குப் போய்விடுவார், ஜாமுக்கு முன்னால் தாண்ட வேண்டுமே. திரும்பி வர எட்டு மணி. சாப்பிடுவார். டிவி பார்க்க உட்காருவார். முதல் விளம்பரம் முடிவதற்குள் தூங்கிவிடுவார். நாங்கள் பேசிக்கொள்வது கேஸ் தீர்ந்துவிட்டதா, கேட் பூட்டியாயிற்றா என்கிற அளவில்தான். மெசேஜ் எழுத மாட்டார், விரல் பெரிதாம். எல்லாவற்றுக்கும் குரல்செய்திதான். பாலத்தில் எவ்வளவு ஜாம் என்பதை ஒரு நிமிஷம் நாற்பது விநாடிக்கு விவரிப்பார். அதைக் கேட்க எனக்கு அன்றைக்கு எங்கே நேரம்?

புதன்கிழமை நான் யாரையும் விட்டுவைக்கவில்லை. கருவியை மூன்று தரம் அணைத்துப் போட்டேன். லைன் கொடுக்கிற கம்பெனிக்காரனைப் போனில் அழவைக்காத குறை. யோனாஸுக்கு, 'தயவுசெய்து உங்கள் ஃபயர்வாலைச் சரிபார்க்கவும்' என்று தடித்த எழுத்தில் எழுதினேன். அவர் தன் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்பினார். காலியாக இருந்தது. கீழே 'அன்புடன்' என்று வேறு போட்டிருந்தார். அந்த அன்பு என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அழுத்துவேன், நாலு தடவை மணி அடிக்கக் கேட்பேன், துண்டிப்பேன். மதியம் குரல்செய்தி ஒன்று. மூன்று மணிக்கு இன்னொன்று. மொத்தம் நாலு ஆயிற்று.

அன்று வீட்டில் சாப்பிடும்போது செபஸ்தியன், "ராணி, எங்க ஸ்டோர்ல இருக்கே அந்த மீட்டிங் ரூமு..." என்று ஆரம்பித்தார்.

"ஆபீஸ் பேச்சு வீட்டுல வேணாங்க. என் தலையே வெடிக்குது."

"வாய்ஸ் கேட்டியா?"

"கேக்கறேன்."

அவர் ஏனோ சிரித்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டு, நாளைக்கு எலுமிச்சம்பழச் சாதம் கட்ட முடியுமா என்று கேட்டார். எத்தனையோ மாதமாக இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்காத மனிதர். அதையும் நான் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஒரு மணி. இன்னும் மூன்று மணி நேரம்தான். மீட்டிங் ரூமில் லெட்சுமணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காளிதாஸ் தன் வால்வுகளை வெள்ளைத் துணியில் கல்யாணச் சீர் போல அடுக்கிக்கொண்டிருந்தான். கேஎல் கான்ட்ராக்டரின் பெயர் அட்டை மேசை மேல் கிடந்தது. நான் அதன் மேல் என் தண்ணீர் பாட்டிலை வைத்தேன்.

850417. பச்சைப் பொத்தான். மணி போனது. ஒன்று, இரண்டு, மூன்று. துண்டிக்கக் கையை நீட்டினேன்.

"அக்கா, விடுங்க லா" என்றான் காளிதாஸ். "கொஞ்சம் அடிக்கட்டும். எடுக்கறவங்களும் மனுசங்கதானே, நடந்து வர வேணாமா?"

லெட்சுமணன் முன்னால் சண்டை போட முடியாது. கையை எடுத்துக்கொண்டேன். ஐந்து. ஆறு. திரை கறுத்தது, பிறகு பளிச்சென்று வெளிச்சம் வந்தது.

சுவரளவுக்கு செபஸ்தியன். தலையைப் படிய வாரியிருந்தார். முன்னால் டிபன் கேரியர் திறந்து கிடந்தது. மோவாயில் ஒரு பருக்கை எலுமிச்சம்பழச் சாதம், பெரிய திரையில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியும், நீதான்னு!" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. "ரெண்டு நாளா அடிக்குது. நான் கை கழுவிட்டு ஓடி வர்றதுக்குள்ள வச்சிருவே. அதான் இன்னைக்கு இங்கயே சாப்பாட்டோட உக்காந்துட்டேன். என்னடா, இவளுக்கு இவ்ளோ வருசம் கழிச்சு..."

அப்போதுதான் எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பேரைப் பார்த்தார்.

"அலமாக்!" என்று பதறினார். திரை அணைந்தது.

காளிதாஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஜெர்மன்காரர் பாக்க நம்மாளு மாதிரியே இருக்காரே, பாஸ்."

எனக்குக் காது சுட்டது. ஆனால் அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. ஃபயர்வாலின் பதிவேடு பழுதாகவில்லை. அந்த அழைப்பு ஜாகா நிற்கிற கேட் பக்கமே போகாமல், கம்பெனியின் உள் இணைப்பிலேயே துவாஸ் கிடங்குக்குப் போயிருக்கிறது. போகாத ஆளை ஏன் விடவில்லை என்று இரண்டு நாளாக அந்த ஜாகாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"வழிப்பட்டியலைத் திறங்க" என்றார் லெட்சுமணன்.

"நானே தனியா சரிபண்ணிடறேன், பாஸ். அஞ்சே நிமிசம்."

"முறைன்னு ஒண்ணு இருக்கு, இன்பா. காளி, வாசி."

பட்டியலைத் திரையில் போட்டேன். உச்சியில், எல்லா வரிகளுக்கும் மேலே, அது இருந்தது. ஆங்கில எழுத்தில் நான் தமிழில் எழுதி வைத்திருந்த குறிப்போடு. காளிதாஸ் வழக்கம்போல மைக் குரலில் தொடங்கினான்.

"எட்டுல தொடங்கற எந்த நம்பரும், துவாஸ் மீட்டிங் ரூம். பின்னாடி எந்த அட்ரஸ் இருந்தாலும் பாக்க வேணாம். குறிப்பு: செபாவுக்கு. பார்டர் தொறந்ததும் அழிக்கணும்." அவன் குரல் பாதியில் இறங்கிவிட்டது. "எழுதினது இன்பராணி. சரிபார்த்தது... செபஸ்தியன்."

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது செபஸ்தியன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு வருஷம். நடுவில் ஒரே ஒரு தடவை வந்து, ஓட்டல் அறையில் தனிமையில் கிடந்து, சில நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போனார். அப்போது இந்தக் கட்டடத்துக்குள் வர அனுமதிக் கடிதம் வைத்திருந்த நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. கைப்பேசியிலும் பேசினோம்தான். ஆனால் அதில் அவர் முகம் உள்ளங்கை அளவு. இந்தத் திரையில் ஆள் அசல் அளவுக்குத் தெரிவார். துவாஸ் அறைக்கு முறைப்படி போவதென்றால் கேஎல் தலைமையகம் வழியாகப் பதினோரு இலக்கம். ஒவ்வொரு அழைப்பும் மேனேஜரின் ரிப்போர்ட்டில் ஏறும். அதனால் ஒரு குறுக்குவழி போட்டேன். எட்டை அழுத்தினால் அவர். அழுதுகொண்டு அழுத்தும்போது விரல் இரண்டு தரம் பட்டுவிடும், எண்பத்தெட்டாகி அழைப்பு போகாது. அதனால் எட்டில் தொடங்கும் எதுவாக இருந்தாலும் அவரிடம் போகட்டும் என்று விதியை அகலமாக்கினேன். வாசித்துச் சரிபார்க்கக் கூட ஆள் இல்லாத கட்டடம். திரையில் அவருக்கே வாசித்துக் காட்டினேன். "சேமிச்சுக்க, ராணி" என்றார். அவர் பெயரையே போட்டேன். தினமும் ஒரு மணிக்கு அவர் அங்கே சாப்பிட்டார், நான் இங்கே சாப்பிட்டேன்.

இதையெல்லாம் அவர்களிடம் நாலே வாக்கியத்தில் சொன்னேன். கோபத்தை வைத்துத்தான் அவ்வளவையும் சொல்லி முடித்தேன், இல்லையென்றால் குரல் உடைந்திருக்கும்.

லெட்சுமணன் திரையில் இருந்த குறிப்பை விரலால் காட்டினார். "பார்டர் தொறந்து எத்தனை வருசம் ஆச்சு, இன்பா?"

"எனக்கு இன்னும் தொறந்த மாதிரி இல்ல, பாஸ்" என்றேன். "நாலரைக்குப் போறாரு, எட்டுக்கு வர்றாரு. பாதித் தூக்கத்துலதான் பாக்கறேன்."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. காளிதாஸ்கூட ஒன்றும் கிண்டல் செய்யாமல் வால்வை எடுத்துத் துணியால் துடைத்தான், ஏற்கெனவே துடைத்த வால்வை.

"அழிச்சிருங்க" என்றார் லெட்சுமணன்.

அழித்தேன். காளிதாஸ் வாசித்தான், இந்தத் தடவை சாதாரணக் குரலில். சேமித்துவிட்டு 850417ஐ அழுத்தினேன். இரண்டாவது மணியில் கண்ணாடி போட்ட ஒரு பையன் திரையில் வந்து கையசைத்தான். யோனாஸ். படமும் வந்தது, குரலும் வந்தது. செவ்வாய்க்கிழமையே நான் வாசல்களையெல்லாம் சரியாகத்தான் திறந்து வைத்திருக்கிறேன். தடித்த எழுத்துக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான்.

நாலு மணிக்குக் கூட்டம் நடந்தது. காளிதாஸ் வால்வில் தண்ணீரை ஏற்றிக் காட்டினான், ஒரு சொட்டு கசியவில்லை. ஜெர்மன்காரர்கள் தலையாட்டினார்கள். முடிந்ததும் லெட்சுமணன் மேசை மேல் என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி, அடியில் ஈரமாகிக் கிடந்த பெயர் அட்டையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"ஆனா இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதணும். ரெண்டு நாள் எதனால போச்சுன்னு."

'காரணம்' என்கிற கட்டத்தில் என்ன எழுதுவது என்று விழித்துக்கொண்டிருந்தேன். காளிதாஸ் எட்டிப் பார்த்தான். "கணவர்னு எழுதுங்கக்கா. எல்லாப் பொம்பளைங்களும் அதத்தானே சொல்றாங்க."

அவனை ரிப்போர்ட்டாலேயே அடித்தேன். அவன் சிரித்துக்கொண்டே ஓடினான்.

எல்லாரும் போன பிறகுதான் அந்த நாலு குரல்செய்திகளையும் திறந்தேன்.

முதலாவது: "ராணி, இங்க மீட்டிங் ரூமு திரை அடிக்குது. ரொம்ப வருசமா அடிக்காததாச்சே. நீயா?"

இரண்டாவது: "மறுபடி அடிச்சுது. ஓடி வந்தேன், நின்னு போச்சு. நீயில்லன்னா பரவால்ல."

மூன்றாவது: "அப்பல்லாம் ஒரு மணிக்கு அடிப்பியே, அந்த ஞாவகம் வந்துருச்சு. சும்மா சொன்னேன்."

நாலாவதில் வெகு நேரம் லாரி பின்னால் நகர்கிற சத்தம் மட்டும்தான். கடைசியில், "நாளைக்கு இங்கயே உக்காந்து சாப்பிடறேன். அடிச்சா எடுக்கறேன், வச்சிராத."

ஜாமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது, அப்புறம் அது கோபமாக இல்லை. மீட்டிங் ரூம் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

மறுநாள் ஒரு மணிக்கு என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மீட்டிங் ரூமுக்குப் போனேன். கேஎல் வழியாகப் பதினோரு இலக்கம். லெட்சுமணனின் ரிப்போர்ட்டில் ஏறட்டும். ஒவ்வொரு எண்ணாக நிதானமாக அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தார். நேற்றுப் போலவே தலை வாரியிருந்தது.

"இதுவும் தப்பா வந்ததா?" என்றார்.

"இல்லைங்க. உங்களுக்குத்தான்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டிபன் கேரியரைத் திறந்தார்.

"என்ன சாப்பாடு?" என்று கேட்டேன்.

நான் கட்டிக் கொடுத்ததுதான். இருந்தாலும் அவர் ஒவ்வொரு தட்டாகப் பிரித்து, தூக்கிக் காட்டி, இது என்ன, அது என்ன என்று சொல்லிக்கொண்டே போனார். நான் கடைசிவரை கேட்டேன்.